எல்லா வெள்ளையும் பூஞ்சை அல்ல

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை எனக்கு ஓய்வில்லை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எல்லாப் பக்கமிருந்தும் பிளாஸ்டிக் பையிலும் பக்கெட்டிலும் மீன்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கொண்டுவருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், ஃபங்கஸ் வந்துருச்சு. நீல மருந்து ஊத்தினேன், கேக்கலை. டெட்ராசைக்ளின் போட்டேன், அதுவும் கேக்கலை." பைக்குள் மீன் ஒருக்களித்துக் கிடக்கிறது, செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொள்கிறது. முதல் புள்ளியைப் பார்த்துப் பத்து நாள் ஆகியிருக்கும். அதற்குள் மூன்று மருந்து மாறியாயிற்று. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவர்களாவது வருகிறார்கள். வராமலே இருந்துவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் இவ்வளவு?

தண்ணீரின் சூடு சட்டென்று இறங்குவது முதல் காரணம். தி.நகர் கடைகளிலும் அலுவலகங்களிலும் பகலெல்லாம் ஏசி ஓடி இரவில் நிற்பதால், இந்த ஏற்ற இறக்கம் அங்கே வருடம் முழுக்க நடக்கிறது. இரண்டாவது, நம் சம்ப். தென்சென்னை அடுக்குமாடிகளில் ஒரு நாள் மெட்ரோ தண்ணீர், மறுநாள் லாரி, அதற்கு மறுநாள் போர் தண்ணீர். உப்பும் கடினத்தன்மையும் அமில-கார அளவும் நாளுக்கு நாள் மாறுகின்றன. நமக்குக் குளியலில் சோப்பு நுரைக்கவில்லை என்பதோடு முடிந்துபோகும். மீனுக்கோ உடம்பைக் காக்கும் சளிப்படலமே பலவீனமாகிவிடுகிறது.

மூன்றாவது மின்வெட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபில்டர் நின்றால், அதற்குள் இருந்து அம்மோனியாவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இன்றிச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் ஃபில்டரைக் கழுவாமல் ஓடவிட்டால், உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் கொட்டும். இதன் பிறகு வருவதுதான் "திடீர் ஃபங்கஸ்".

மூன்று விதமான வெள்ளை

ரவையைத் தூவியதுபோல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மீன் கல்லில் உரசுகிறது என்றால் அது பூஞ்சை அல்ல. இக் எனப்படும் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடுகட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து வேலை செய்யும். அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களின் தொட்டியில் அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திரும்புகிறது. இரண்டு வாரமாவது தொடர வேண்டும்.

பஞ்சு பஞ்சாக, காயத்தின் மேல் மட்டும் முளைத்திருந்தால் அது நீர்ப்பூஞ்சை, சாப்ரோலெக்னியா. ஆரோக்கியமான தோலில் இது சாதாரணமாக முளைக்காது. சண்டையோ வலையோ கெட்ட தண்ணீரோ முதலில் புண்ணை உண்டாக்கியிருக்கும். அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பஞ்சை மட்டும் துரத்துவதில் பயனில்லை.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது. வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளை, அல்லது முதுகில் சேணம் போட்டாற்போல வெளிறிய பட்டை. பார்வைக்குப் பூஞ்சைதான். உண்மையில் காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா. கடுமையான வகையானால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும். இக்குக்கு ஹீட்டர் வைத்துச் சூட்டை ஏற்றுவது உதவும். அதே சூடு காலம்நாரிஸை இன்னும் வேகமாகப் பெருக்கும். என்ன நோய் என்று தெரியாமல் கைவைத்தியம் பார்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

தயவுசெய்து இவற்றை நம்பாதீர்கள்

"மீன் செத்தா நல்லதுதான், வீட்டுக்கு வந்த கண்டம் அதோட போச்சு." வாஸ்து மீன் என்று ஃப்ளவர்ஹார்னும் அரவானாவும் வாங்கும் வீடுகளில் இதைக் கேட்காத மாதம் இல்லை. திருஷ்டி கழிந்ததென்று குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த நாளே அதே தொட்டியில், அதே தண்ணீரில் புது மீனை விடுகிறார்கள். அதுவும் சாகிறது. அந்த மீன் உங்கள் கண்டத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அம்மோனியாவில் செவுள் வெந்து செத்தது. இந்த நம்பிக்கையால், பிழைக்கவைத்திருக்கக்கூடிய மீன்கள் வைத்தியம் பார்க்கப்படாமலே போகின்றன.

மஞ்சள். மனிதப் புண்ணுக்கு நல்லதென்றால் மீனுக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். மஞ்சள்தூள் தண்ணீரில் சரிவரக் கரையாது. துகள்கள் செவுளில் போய் அடைக்கும். மீனைக் கையில் பிடித்துப் பற்றுப் போடுகிறவர்களும் உண்டு. உலர்ந்த கை பட்டாலே சளிப்படலம் உரிந்துவரும். வேப்பிலைச் சாறும் அளவு மீறினால் மீனுக்கு நஞ்சு. பெசன்ட் நகர் தெருக்களில் உதிர்ந்து கிடக்கும் வாதாம் இலையை ஃபைட்டர் மீன் தொட்டியில் போடுவதில் குற்றமில்லை. மீனுக்கு இதமாக இருக்கும். வந்துவிட்ட நோயை அது தீர்க்காது.

டெட்ராசைக்ளின். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் தட்டுவதை என்று நிறுத்தப்போகிறோம்? அது பூஞ்சையையும் கொல்லாது, இக்கையும் கொல்லாது. பாக்டீரியா நோயே என்றாலும், கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை ஊரறிந்தது. மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டுமே. அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுகிறீர்கள்.

நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ. முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நல்ல மருந்து. தனித் தொட்டியில் அளந்து கொடுத்தால் வேறு சிலவற்றுக்கும் உதவும். முழுத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவை முடக்கும். அம்மோனியா ஏறும். நோயால் சாகாத மீன் வைத்தியத்தால் சாகும்.

கல்லுப்பு மட்டும் உண்மையிலேயே நல்ல மருந்து, அளந்து போட்டால். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் சுமார் 56 லிட்டர்தான். கல்லும் மணலும் போக இன்னும் குறைவு. "ஒரு கைப்பிடி" என்பது அளவே அல்ல. தனியாகக் கரைத்து, ஒரு நாளில் சிறிதுசிறிதாகச் சேர்க்க வேண்டும். கோரிடோராஸ், லோச் போன்ற மீன்களும் செடிகளும் உப்பைத் தாங்காது.

சோதனை

என்ன நோய் என்று அறிய, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட், அமில-கார அளவு பார்ப்பதும் போதும். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகம் இருக்கிறது.

உங்கள் கையையும் பாருங்கள்

மீன் தொட்டியில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, கையில் உள்ள சிறு கீறல் வழியாக மனிதருக்குள் போகும். சில வாரம் கழித்து விரலிலோ முழங்கையிலோ ஆறாத முண்டு தோன்றும். சாதாரணக் கட்டி என்று களிம்பு தடவி மாதக்கணக்கில் அலைகிறார்கள். தோல் மருத்துவரிடம் போனால் "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கையில் காயமிருந்தால் கையுறையில்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கொளத்தூரிலிருந்து வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும், புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். கொலுவில் பார்க் வைக்க வாங்கிய நாலு மீனை, கொலு முடிந்ததும் பழைய தொட்டியில் விட்டு அத்தனையையும் இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் அழுகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். முழுவதையும் கொட்டிப் பளபளவென்று தேய்ப்பது சுத்தமல்ல. கோல்ட்ஃபிஷை உருண்டைக் கிண்ணத்தில் வளர்க்காதீர்கள், அதில் அது வாழ முடியாது. சாக்கடைச் சேற்றில் வளரும் டூபிஃபெக்ஸ் புழுவை உயிரோடு போடாதீர்கள். மீன் பிழைக்காது என்று தோன்றினால், புண்ணியமென்று நினைத்துக் கபாலி கோயில் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே பொரிக்கு ஓடிவரும் மீன்களுக்கு அந்த நோயைக் கொடுத்தவர்களாவீர்கள்.

முதல் புள்ளி தெரிந்த அன்றே வாருங்கள். எதையும் ஊற்றாமல் வாருங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால் மறைக்காமல் அந்த மருந்துப் புட்டியை எடுத்து வாருங்கள். கூடவே தொட்டித் தண்ணீர் அரை லிட்டர், தனி பாட்டிலில்.