ஒரே கியர் சைக்கிளில் 8 நாள் மலைப் பந்தயம்!

1913-ம் ஆண்டு. பிரான்சு நாட்டைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம் நடந்து கொண்டு இருந்தது.

யூஜின் கிறிஸ்டோப் என்ற வீரர், பைரனீஸ் மலையில் உள்ள தூர்மலே கணவாயில் இருந்து இறங்கிக் கொண்டிருந்தார். முன்னணியில் இருந்த சிலரில் அவரும் ஒருவர். வெற்றி எட்டும் தூரத்தில் இருந்தது.

திடீர் என்று சைக்கிள் ஆட்டம் கண்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் முறிந்து விட்டது!

அவர் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளைத் தோளில் தூக்கிக் கொண்டார். 10 கிலோ மீட்டருக்கு மேல் மலைப் பாதையில் நடந்தார். அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. அங்கே போனார்.

"பழுதை வீரரே சரி செய்ய வேண்டும். யாரும் உதவக் கூடாது." இது பந்தய விதி. ஆகவே கொல்லர் கை கட்டி நின்றார். கிறிஸ்டோப் தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, போர்க்கை ஒட்ட வைத்தார். இரண்டு கைகளுக்கும் வேலை இருந்ததால், துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான்.

அதுவும் குற்றம் என்று சொல்லி அவருக்குத் தண்டனை போட்டார்கள்!

மனம் தளராமல் பாரிஸ் நகரம் வரை ஓட்டினார். 7-வது இடம்தான் கிடைத்தது.

1919-ம் ஆண்டு மீண்டும் வந்தார். முதல் இடத்தில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணியும் வழக்கம் அந்த ஆண்டுதான் ஏற்பட்டது. அந்தச் சட்டையை முதன் முதலில் அணிந்தவர் அவரே. பந்தயம் முடியப் போகிற நேரம். மறுபடியும் போர்க் முறிந்தது! மூன்றாவது இடத்தோடு திரும்பினார்.

காலில் பலம் இருந்தால் மட்டும் போதாது. சைக்கிளும் தாங்க வேண்டும். பல நாள் பந்தயத்தின் முதல் பாடம் இதுதான்.

வேண்டும் என்றே ஒரே கியர்

அந்தக் காலத்தில், ஓடும்போதே கியர் மாற்றும் கருவிக்குப் பிரான்சுப் பந்தயத்தில் இடம் இல்லை. 1937-ம் ஆண்டுதான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன், பின் சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு பல் சக்கரங்கள் இருக்கும். மலை வந்தால் இறங்குவார்கள். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக் கொண்டு ஏறுவார்கள்.

இன்று மலைச் சைக்கிள்களில் 12 கியர் சர்வ சாதாரணம். ஆனால் "எனக்கு ஒரே கியர் போதும்" என்று கிளம்புகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மலையில் நடக்கும் "பிரெக் எபிக்" என்ற 6 நாள் பந்தயத்தில் இவர்களுக்கு என்று தனிப் பிரிவே உண்டு.

தென் ஆப்பிரிக்காவில் 2004-ம் ஆண்டு தொடங்கிய "கேப் எபிக்" இன்னும் நீண்ட பந்தயம். மொத்தம் 8 நாள். தூரம் 600 கிலோ மீட்டருக்கு மேல். ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால் சுமார் 15 ஆயிரம் மீட்டர் வரும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம்! இந்தப் பந்தயத்துக்கும் ஒரே கியர் சைக்கிளோடு சிலர் போயிருக்கிறார்கள்.

இதில் இருவர் சேர்ந்து ஓட வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் வெகு தூரம் பிரியக் கூடாது. ஒருவர் சைக்கிள் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். உங்கள் சைக்கிளில் ஒரு திருகாணி கழன்றால், உங்கள் தோழரின் பல மாத உழைப்பும் அதோடு போய் விடும்!

எத்தனை பல்?

ஒரே கியர் என்பது நமக்குப் புதிது அல்ல. நம் ஊர்ச் சைக்கிளும் ஒரே கியர்தான். ஆனால் அது சமதரைக்கு ஏற்றது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக் கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் 5 மீட்டருக்கு மேல் போகும். செங்குத்தான மலையில் அதை மிதிக்க முடியாது.

மலைக்குப் போகிறவர்கள் முன்னால் 32 பல், பின்னால் 20 பல் என்ற அளவில் வைப்பது உண்டு. சக்கரம் 29 அங்குலம். ஒரு மிதிக்கு சுமார் 3 மீட்டர் 70 சென்டி மீட்டர்தான் போகும். மிதிப்பதும் அவ்வளவுக்கு எளிது.

சமதரையில் இதற்கு விலை கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலும், மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகம்தான் வரும். மற்றவர்கள் கியரை மாற்றிக் கொண்டு பறந்து விடுவார்கள். இவர் பார்த்துக் கொண்டு இருக்க வேண்டியதுதான்!

பின்னால் ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும்? ஒரு மிதிக்கு 18 சென்டி மீட்டர் வித்தியாசம் வரும். சிறிது என்று நினைக்காதீர்கள். ஒரு நாளில் பல ஆயிரம் முறை மிதிக்க வேண்டும். முதல் நாள் "இது போதும்" என்று தோன்றும் கியர், ஐந்தாம் நாள் முழங்காலை உடைத்து விடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள், களைத்த காலை மனதில் வைத்துப் பல்லை முடிவு செய்வார்கள்.

செயின்தான் உயிர்

கியர் மாற்றும் கருவி இல்லாததால் ஒரு நன்மை உண்டு. கல்லும் கிளையும் பட்டு முதலில் உடைவது அந்தக் கருவிதான். அப்படி உடைந்தால், சில சைக்கிள்களில் செயினைக் குறைத்து மாட்டி, ஒரே கியராக்கி ஊர் வந்து சேர்கிறவர்கள் உண்டு!

ஆனால் அந்தக் கருவிதான் செயினை இழுத்துப் பிடிக்கிறது. அது இல்லாத சைக்கிளில், பின் அச்சைத் தள்ளி வைத்துச் செயினை முறுக்க வேண்டும்.

செயின் தொய்வாக இருந்தால் கழன்று விடும். அதிகம் இறுகினால் பேரிங் தேயும். நடுவில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் அசைந்தால் சரி. பெடலை முழுச் சுற்று சுற்றி, எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும். பல் சக்கரம் சரியான வட்டமாக இல்லாவிட்டால், ஓர் இடத்தில் இறுகி, வேறு இடத்தில் தொய்யும். இறுகும் இடத்தை வைத்தே அளவு எடுக்க வேண்டும்.

முன் பல் சக்கரமும் பின் பல் சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கோணல் இருந்தால் செயின் தாவும். எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதிக்கும்போது செயின் தாவினால், ஆள் கீழே விழுவார்.

முள்ளும் கல்லும்

நம் ஊர் நெருஞ்சி தென் ஆப்பிரிக்காவிலும் உண்டு. டியூப் போட்டு ஓட்டினால் நாளெல்லாம் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். அதனால் டியூப் இல்லாத டயர் போடுகிறார்கள். உள்ளே ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் திரவம் ஓட்டையில் பாய்ந்து, அங்கேயே உறைந்து அடைத்து விடும். இந்தத் திரவம் நாளடைவில் காய்ந்து போகும். பந்தயத்துக்கு முன் புதிதாக ஊற்ற வேண்டும்.

கூரான கல், டயரின் பக்கவாட்டைக் கிழித்து விடும். அதற்குத் திரவம் போதாது. பக்கம் தடித்த டயர் வேண்டும். அவசரத்துக்கு ஒரு டியூப்பும் கையில் இருக்க வேண்டும்.

பிரேக் கட்டையைப் புதிதாக மாட்ட வேண்டும். சேறும் மணலும் சேர்ந்தால் அது வெகு சீக்கிரம் தேயும். ஒரு ஜோடி கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். சக்கரத்தில் கோட்டம் எடுத்து, ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரே அளவாக முறுக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. புதிய சாமானை மாட்டி நேராகப் பந்தயத்துக்குப் போகக் கூடாது! குறைந்தது இரண்டு மூன்று முறை மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதுச் செருப்பைப் போட்டுக் கொண்டு பாத யாத்திரை போகலாமா? சீட்டுக்கும் அதே கதைதான்.

இரவு வேலை

மாலையில் பந்தயம் முடிந்ததும் வீரர் கூடாரத்தில் படுக்கலாம். அதற்கு முன் சைக்கிளைக் கவனிக்க வேண்டும்.

சேற்றைக் கழுவ வேண்டும். பேரிங் இருக்கும் இடத்தில் தண்ணீரை வேகமாகப் பீச்சக் கூடாது. உள்ளே புகுந்து பசையை அழித்து விடும். செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விட வேண்டும். மேலே வழியும் எண்ணெயைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் ஒட்டிக் கொள்ளும். எல்லாத் திருகாணிகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். போர்க்கிலும் பிரேமிலும் கீறல் உண்டா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அரை மணி நேர வேலைதான். அதைச் செய்து விட்டுப் படுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

உங்கள் வீட்டுச் சைக்கிளுக்கும்...

செயின் தேய்ந்து விட்டதா என்று பார்க்க, இந்த வீரர்கள் 12 அங்குல அளவுகோலை வைத்தும் பார்க்கிறார்கள். அதை நீங்களும் செய்யலாம்.

செயினில் ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலின் தொடக்கத்தை வையுங்கள். அதை விட்டு அடுத்த ஆணியில் இருந்து எண்ணுங்கள். 24-வது ஆணியின் நடு, சரியாக 12 அங்குலத்தில் இருந்தால் செயின் நல்லது. ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தள்ளி இருந்தால் மாற்றும் நேரம் வந்து விட்டது. 8-ல் ஒரு பங்கு தள்ளி இருந்தால், பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் அது பழைய பல்லில் சரியாக உட்காராது.

பையன் நாளை அந்தச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகப் போகிறான். இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? ஒரு முறை அளந்து பாருங்கள்!