மனை புகும் பாம்பு

பாம்பு மனிதரைத் தேடி மனை புகுவதில்லை. குதிரில் நெல் இருப்பின் எலி வரும். எலியை நாடிப் பாம்பும் வரும். மழைக்காலத்தில் வளைகளில் நீர் நிறைந்துவிட்டால், விறகுக் குவியலும் வைக்கோற்போரும் அதற்குப் புகலிடமாகும்.

அங்ஙனம் வருவனவற்றுள் ஒன்று சாரை. ஆறடிக்கு மேலும் வளரும் இதற்கு நஞ்சு இல்லை. எலிகளைத் தின்று உழவனுக்கு உதவுவதும் இதுவே. ஆயினும் நீளங்கண்டு அஞ்சும் மக்கள் முதலில் தடியெடுப்பது இதன்மேற்றான்!

மெய்யாகவே அஞ்சத்தக்கது கட்டுவிரியன். இதன் கரிய உடலில் மெல்லிய வெண்கோடுகள் குறுக்கே ஓடும். பகலில் ஒடுங்கிக் கிடந்து, இரவில் இரைதேடும். தரையில் பாய் விரித்து உறங்குவோரை இது கடித்தால் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. எறும்புக்கடி என்றெண்ணி மீண்டும் உறங்கிவிடுவாரும் உளர். பின்னர் வயிறு வலிக்கும், இமைகள் தாழும், நாக் குழறும், இறுதியில் மூச்சும் தடைப்படும். கடிவாயைக் கீறுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும், மந்திரித்தலும் பயனற்றவை, பொழுதையும் வீணாக்குவன. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். அங்கே நஞ்சுமுறி மருந்து உண்டு.

அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோர் இருளர். முன்னாளில் தோலுக்காகப் பாம்பு பிடித்த அவர்கள், 1978ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சைக் கறந்தபின், அதனைக் கொல்லாது காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைக் குதிரையின் உடலிற் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியினின்று மருந்து செய்வர்.

கட்டிலில் உறங்குவோர்க்கு இவ்வச்சம் குறைவு. கட்டில் இல்லாதார் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின்கீழ்ச் செருகிக்கொள்வாராயின், கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும்.