மின்சாரம்: ஒரு சொல்லின் பிறப்பு

புதிய பொருளொன்று வாழ்வில் புகும்போது அதற்குப் பெயரும் வேண்டப்படுகிறது. அப்பெயரை ஆராய்ந்தால், மக்கள் அப்பொருளை எவ்வாறு நோக்கினர் என்பது புலனாகும். நாள்தோறும் நம் நாவில் வழங்கும் ‘மின்சாரம்’ என்னும் கூட்டுச்சொல்லை இவ்வகையில் ஈண்டுக் காண்போம்.

தமிழகத்தில் மின்சாரம் பரவிய வரலாற்றில் நீலகிரியின் பைக்காராவுக்குத் தனியிடம் உண்டு. முக்கூர்த்திச் சிகரப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆற்றின் நீர், ஏறத்தாழ 3,000 அடி கீழேயுள்ள சிங்காரா மின்நிலையத்திற்குக் குழாய்வழிப் பாய்ச்சப்பட்டு, 1932ஆம் ஆண்டு முதல் மின்சாரமாயிற்று. கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பிற மொழியினர் இவ்வாற்றலுக்கு இட்ட பெயர்கள் யாவை? பழங்கால மரப்பிசின் இறுகிக் கல்லான ஆம்பரைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும். அதனைக் கிரேக்கர் ‘எலக்ட்ரான்’ என்றனர். 1600இல் வில்லியம் கில்பர்ட் அப்பெயரினின்றும் ஓர் இலத்தீன் சொல்லை ஆக்கினார். ‘எலக்ட்ரிசிட்டி’ அதன் வழிவந்ததே. அயற்சொல்லை எளிதில் ஏற்காத ஐஸ்லாந்து மக்கள், ஆம்பரையும் ஆற்றலையும் குறிக்கும் தம் சொற்களை இணைத்து ‘ரப்மக்ன்’ என்றனர். அரபுமொழியின் ‘கஹ்ரபா’வும் ஆம்பரின் பெயரே. அது பாரசீகத்தினின்றும் வந்தது. ‘காஹ்’ வைக்கோல், ‘ருபா’ கவர்வது.

தமிழோ துரும்பை நோக்காது வானை நோக்கியது. ‘மின்’ என்பது ஒளியையும் மின்னலையும் குறிக்கும் பழஞ்சொல். மின்மினியிலும் அதுவே ஒளிர்கிறது. ‘சாரம்’ என்பது சத்து என்னும் பொருளில் தமிழில் வேரூன்றிய வடசொல். மின்னலும் மின்னாற்றலும் ஒன்றே என்பது 1752ஆம் ஆண்டுச் சோதனைகளால் உறுதிப்பட்டது. அவ்வறிவியல் உண்மை நம் சொல்லிலேயே பொதிந்துள்ளது.

இச்சொல்லின் மற்றொரு சிறப்பு அதன் ஈனும் திறன். ‘சாரம்’ நீங்க, ‘மின்’ மட்டும் நின்று மின்விளக்கு, மின்மாற்றி, மின்னணு, மின்னஞ்சல், மின்னூல் எனக் கிளைத்தது. பேச்சில் நாம் பெரிதும் வழங்கும் ‘கரண்டு’ என்னும் சொல்லோ, கரண்டுக் கம்பி, கரண்டு பில் என்னும் அளவில் நின்றுவிட்டது. இரவல் சொல் அன்றைய தேவையைத் தீர்க்கும். வேருள்ள சொல் நாளைய தேவைக்கும் துணைநிற்கும்.

அறிவியல் நாள்தோறும் புதுப்பொருள்களைத் தருகிறது. அவற்றுக்குப் பெயரிடும் பொறுப்பு அறிஞர் குழுக்களுக்கு மட்டும் உரியதன்று. ஆக்கிய சொல்லை வகுப்பறையிலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கி வாழச்செய்வது நம் அனைவரின் கடமையாகும்.