தோல் காலணி: தேர்தலும் பேணலும்

பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தோல் என்னும் சொல் புதியதன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே பதனிட்ட தோலின் மணம் நினைவில் எழும். இங்கு உருவாகும் காலணிகள் கடல் கடந்து சென்று அயல்நாட்டார் கால்களை அணி செய்கின்றன. ஆயினும், நல்ல காலணி எது, அதனை எங்ஙனம் பேணுவது என வினவினால் நம் மாணவச் செல்வங்கள் விடை கூறத் தயங்குகின்றனர். நேர்காணலுக்கு முதல்நாள் மாலை அவசரமாக ஒன்றை வாங்குவதும், ஓராண்டு கழிவதற்குள் அதனை எறிவதும் வழக்கமாகிவிட்டன. ஆகவே, கையால் செய்த தோல் காலணியைத் தேரும் முறையையும் காக்கும் முறையையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

தோலின் இயல்பு

தோல் காலணியைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். பெரும்பாணாற்றுப்படை இடையரின் காலணியைத் 'தொடுதோல்' எனக் குறிக்கின்றது. விலங்கின் பச்சைத்தோல் விரைவில் அழுகும் தன்மையது. அதனை அழுகாப் பொருளாக மாற்றுவதே பதனிடுதல் ஆகும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்புச் சத்தால் பதனிடுவது நம் நாட்டு மரபு. இவ்வாறு பதனிட்ட தென்னாட்டுத் தோல் ஈ.ஐ. தோல் என உலகச் சந்தையில் பெயர் பெற்றது. இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. குரோமிய உப்பால் பதனிடும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது.

துவர்ப்பு முறைக்குப் பல வாரங்கள் வேண்டும். குரோம் முறைக்குச் சில நாட்களே போதும். முன்னது தரும் தோல் உறுதியும் விறைப்பும் உடையது. ஆதலின் காலணியின் அடிப்பகுதிக்கு ஏற்றது. பின்னது தரும் தோல் மென்மையும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் உடையது. ஆதலின் மேற்பகுதிக்குப் பெரிதும் பயன்படுகின்றது. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வழக்கு வேண்டுவதில்லை. ஒவ்வொன்றும் தன்னிடத்தில் உயர்ந்ததே.

தோலின் மயிர்ப்புறமே வலிமை மிக்க பகுதி. அதனைச் சீவாமலும் தேய்க்காமலும் அமைத்த தோலே முதல்தரமானது. தழும்புகளை மறைக்க மேற்புறத்தைத் தேய்த்து, அதன்மேல் வண்ணப்பூச்சு ஏற்றிய தோல் அடுத்த தரம். மேல்படலத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் அடிப்படலம் அதனினும் தாழ்ந்தது. இவை யாவும் தோலே. எனவே, 'அசல் தோல்' என்னும் முத்திரை ஒன்றையே கண்டு தரத்தை முடிவு செய்தல் தவறு.

இணைப்பின் நுட்பம்

காலணியின் ஆயுள் அதன் மேற்பகுதியும் அடிப்பகுதியும் இணையும் விதத்தைப் பொறுத்தது. பசையால் மட்டும் ஒட்டிய காலணி விலை குறைந்தது. அடி தேய்ந்தபின் அதனைப் புதுப்பித்தல் அரிது. உள்ளடியையும் வெளியடியையும் நேரே ஊடுருவித் தைக்கும் பிளேக் முறை மெல்லிய காலணிக்கு ஏற்றது. எனினும் தையல் துளைவழி ஈரம் புகக்கூடும். மேற்பகுதியையும் உள்ளடியையும் ஒரு தோல் பட்டியுடன் தைத்து, அப்பட்டியுடன் வெளியடியைத் தனியே தைப்பது வெல்ட் முறை. இதில் வெளியடி தேய்ந்தால் அதனை மட்டும் பிரித்துப் புதியது தைக்கலாம், மேற்பகுதி ஊறுபடாது. இதனைக் குத்தூசியும் மெழுகு பூசிய நூலும் கொண்டு கையால் தைப்பதே கைவினைக் காலணியின் சிறப்பு. 'கைவினை' என்று எழுதப்பட்டுள்ளவை யாவும் அத்தகையன அல்ல. எப்பகுதி கையால் தைக்கப்பட்டது, அடியை மாற்ற இயலுமா என்னும் இரு வினாக்களை விற்பவரிடம் தயங்காது கேட்டல் வேண்டும்.

வாங்குங்கால்

நடமாட்டத்தால் பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையே காலணி வாங்க உகந்தது. இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. ஆகவே இரண்டையும் அளந்து, பெரியதற்கு ஏற்பத் தேர்தல் வேண்டும். பெருவிரல் அடிமூட்டு காலணியின் அகன்ற பகுதியில் பொருந்த வேண்டும். விரல் நுனிக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் நலம். 'போடப் போட விரியும்' என்னும் சொல்லை நம்பி இறுக்கமானதை வாங்கலாகாது. தோல் அகலத்தில் சிறிது நெகிழுமேயன்றி நீளத்தில் வளராது. மேற்பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க, நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி மறையுமாயின் அது நல்ல தோலின் அடையாளம். தடித்த பூச்சுடையது நெகிழித் தாள்போல் மடியும்.

பேணும் முறை

ஒரு நாள் முழுதும் அணிந்த காலணி கால் வியர்வையை உறிஞ்சியிருக்கும். அது உலர ஒரு நாளேனும் ஓய்வு தேவை. ஓரிணையை நாள்தோறும் அணிவதினும் ஈரிணைகளை மாறி மாறி அணிதல் இரண்டின் ஆயுளையும் நீட்டும். கழற்றியவுடன் மரத்தாலான காலச்சை உள்ளே வைத்தால் சுருக்கம் நீங்கி வடிவம் நிலைக்கும்.

பள்ளிவாசலிலும் வீட்டு வாயிலிலும் ஒரு நாளில் பன்முறை காலணியைக் கழற்றி மாட்டுபவர்கள் நாம். விரைவின் பொருட்டுக் குதிப்பகுதியை மிதித்து நுழைவதால், உள்ளிருக்கும் விறைப்பான தாங்கு தோல் முறிந்துவிடுகின்றது. நல்ல காலணிகள் பல நம்மிடையே கெடுவது தேய்மானத்தால் அன்று, இவ்வவசரத்தாலேயே! பன்முறை கழற்ற வேண்டியவர் கயிறற்ற வகையைத் தேர்க. கயிறுடையதாயின் முடிச்சை அவிழ்த்து அணிக. காலணிக் கரண்டி ஒன்று வாயிலில் இருத்தல் நன்று.

தூசியைத் தூரிகையால் அகற்றிப் பின் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூசியின்மேல் மெருகு பூசினால் மணல் தோலை அராவும். சில வாரங்களுக்கு ஒருமுறை தோலுக்குரிய களிம்பைச் சிறிதளவு தடவி, ஊறியபின் மெழுகு மெருகை மெல்லிதாகப் பூசித் தேய்த்தல் போதும். அளவுமீறிய எண்ணெயும் மெருகும் தோலைத் தளர்த்தும், நுண்துளைகளை அடைக்கும்.

மழையில் நனைந்த காலணியை வெயிலிலோ அடுப்பின் அருகிலோ வைக்கலாகாது. எம் மாணவர் ஒருவர் தந்தையார் வாங்கித் தந்த காலணியை அடுப்படியில் உலர்த்தினார். மறுநாள் அது வெடித்து, காலுக்கு நுழையாதபடி சுருங்கிவிட்டது. ஈரத்தோல் வெப்பம் பட்டால் அதன் நார்கள் சுருங்கும். பின்னர் எம்மருந்தாலும் பழைய நிலைக்கு வாரா. செய்தித்தாளை உள்ளே திணித்து, நனைந்த தாளை மாற்றி மாற்றி நிழலில் உலர்த்துவதே தக்கது. நெகிழிப் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணிப்பையே ஏற்றது.

நிறைவாக

நல்ல காலணிக்கு விலை மிகுதிதான். ஆயினும் அடி மாற்றிப் பல்லாண்டு அணியும் ஒன்றையும், ஆண்டுதோறும் எறியும் பலவற்றையும் கூட்டிப் பார்த்தால் சிக்கனம் எது என்பது விளங்கும். மற்றொரு கணக்கும் உண்டு. தோல் ஆலைக் கழிவால் பாலாறும் அதன் கரை நிலங்களும் கிணறுகளும் கெட்டதை நம் பெரியோர் கண்ணாரக் கண்டனர். அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது. தோல் தொழில் நம் மக்களுக்குச் சோறிட்டது. அதன் விலையில் ஒரு பங்கை ஆறும் உழவரும் செலுத்தினர். இங்ஙனம் வந்த பொருளை ஓராண்டில் எறிதல் வீண்விரயம் அன்றி வேறென்ன?

தெருமுனையில் அமர்ந்திருக்கும் காலணி தைப்பவரிடம் அடி மாற்றும் கலை இன்னும் எஞ்சியுள்ளது. நாம் வேலை தந்தால் அது வாழும். தராவிடில் அவரோடு மறையும். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய தோல் காலணியை இவ்வாரமே தூசி தட்டி அவரிடம் கொண்டு செல்வோமாக!