கார்டு சாகவில்லை, மின்சாரம் போதவில்லை

என் அக்கா மகன் மாதக்கணக்கில் பணம் சேர்த்து, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்தான். என்விடியா ஜிடிஎக்ஸ் 1060; 2016இல் வெளிவந்தது. பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்து பழகுகிற பையன் அவன். வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே கார்டைப் பொருத்தி, பவர் பட்டனை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கார்டு போயிடுச்சு தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள்.

"மாமா, நிஜமாவே செத்துப்போச்சா?" என்று போனில் கேட்டபோது அவன் குரல் கம்மியிருந்தது. அன்று மாலையே போனேன்.

கார்டு வரைகிற படம் திரைக்கு வந்துசேர, வழியில் பல கண்ணிகள் இருக்கின்றன. மதர்போர்டின் ஸ்லாட், எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரம், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸின் அமைப்பு, டிரைவர், கேபிள், மானிட்டர். இவற்றில் எது அறுந்தாலும் திரை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கறுக்கும். அதனால் கறுத்த திரையை மட்டும் பார்த்து எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

முதல் கண்ணி எளிதில் அகப்பட்டது. மானிட்டர் கேபிளைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலேயே சொருகியிருந்தான். தனி கார்டு ஸ்லாட்டில் இருப்பதைக் கண்டால், புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிடுவது பல பயாஸ்களின் வழக்கம். இன்டெல் புராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், உள்ளே கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டுத் துளையில் எப்போதும் படம் வராது. கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றினோம். விண்டோஸ் வந்தது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக வரைந்தெடுக்க, கொடுத்தான். சில நொடிகளில் கம்ப்யூட்டர் அணைந்து, தானாக மறுபடி கிளம்பியது. மூன்று முறை முயன்றும் அப்படியே. முதல் கோளாறு இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்தது. பழுது பார்க்கிறவர்கள் மிகவும் தடுமாறுகிற இடம் இதுதான். சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, வேலை கொடுத்ததும் பெட்டி மொத்தமும் அணைந்து எழுந்தால், என் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்தான் விழும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களின் புராசஸரில் பெரும்பாலும் நான்கு முதல் பதினாறு வரை கோர்கள்தான் இருக்கும். ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிபி கார்டில் 1,280 சிறு கணக்கிடும் அலகுகள் இருக்கின்றன. திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் நிறத்தைக் கணக்கிட அத்தனையும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது, கார்டு 120 வாட் கேட்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடிய உச்சம் 75 வாட். மிச்சத்தைக் கொடுக்கத்தான் கார்டின் ஓரத்தில் ஆறு பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அது இன்னொரு 75 வாட் தரும். எட்டு பின் என்றால் 150 வாட்.

பையனின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆறு பின் ஒயரே இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கை ஆறு பின்னாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் ஒன்றைக் கூடவே வாங்கி மாட்டியிருந்தான். அந்தப் பிளக்கைத் தொட்டேன். சுட்டது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கான பின்கள் மூன்று. ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 54 வாட்தான். அதன் வழியாக 75 வாட் வரை இழுக்க உரிமையுள்ள ஒரு சாக்கெட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் பிளக் உருகக்கூடும். சில வேளை தீயும் பிடிக்கும். இந்தக் கன்வர்ட்டரைத் தயவுசெய்து யாரும் பயன்படுத்த வேண்டாம். விலை கொஞ்சம்தான், ஆபத்து பெரியது.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படித்தோம். கொட்டை எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். கார்டும் புராசஸரும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். கார்டின் 120 வாட்டுக்கு 10 ஆம்பியர் வேண்டும். 65 வாட் புராசஸருக்கு இன்னும் ஐந்தரை. அங்கேயே 14ஐத் தாண்டியாகிவிட்டது. விசிறியும் டிஸ்க்கும் கணக்கில் வரவே இல்லை. இழுவை அளவு மீறும்போது 12 வோல்ட் சரியும். 11.4க்குக் கீழே போவது தர விதிக்கு ஒவ்வாதது. அந்த நிலையில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி கிளம்பக்கூடும். பையன் பார்த்தது அதைத்தான்.

பழைய கார்டாக இருந்ததால், கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றியும் பார்த்தோம். ஸ்லாட்டுக்குள் போகும் ஓரத்தில் இரு பக்கமும் சேர்த்து 164 தொடுமுனைகள். பவர் போட்டதும் கார்டும் மதர்போர்டும் பேசிப்பார்த்து, எத்தனை பாதைகள் ஒழுங்காக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும். அழுக்கினால் சில பாதைகள் தொடாமல் போனால், பதினாறுக்குப் பதில் எட்டிலோ நான்கிலோ ஓடும். கார்டு வேலை செய்யும், வேகம் குறையும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஸ்லாட்டின் கொக்கி 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தினோம்.

கார்டே கெட்டிருந்தால் அது பல வேளைகளில் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். திரையில் வண்ணக் கட்டங்கள், கோடுகள் தெரியும். அவை விண்டோஸில் மட்டும் தெரிந்தால் பழைய டிரைவரை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம். பயாஸ் திரையிலேயே தெரிந்தால், அங்கே விண்டோஸ் டிரைவருக்கு வேலையே இல்லை என்பதால், கோளாறு அநேகமாகக் கார்டின் நினைவகச் சில்லுகளில் இருக்கும். இன்னும் பழைய, 2012க்கு முந்திய கார்டுகளில் பலவற்றுக்கு யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை தெரியாது. புது மதர்போர்டின் பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறை அணைந்திருந்தால் அவை தொடக்கத்தில் படமே காட்டா. அதையும் 'செத்த கார்டு' என்று எண்ணிவிடுகிறார்கள். இப்போது பல மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. விஜிஏ விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் தேடலை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

அடுத்த வாரம், ஆறு பின் ஒயர் உள்ள வேறு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் போட்டோம். அதே கார்டு, அதே காட்சி. ரெண்டர் நிற்காமல் ஓடி முடிந்தது.

கார்டு வாங்கக் கிளம்புமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். கார்டும் புராசஸரும் கேட்கும் வாட்டைக் கூட்டி அதோடு ஒப்பிட்டு, தாராளமாக மிச்சம் இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.