புத்தளக் கரையின் அரும்புட்கள்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முற்பகுதி தென்னந்தோப்புக்களின் நிழலிலே கழியும். சிலாபத்தைத் தாண்டித் தெதுறு ஓயாப் பாலத்தைக் கடந்தபின் நிலத்தின் தோற்றம் வேறாகத் தொடங்குகின்றது. மண் வெளுக்கின்றது, உடைமரமும் முட்புதரும் பனையும் தலைகாட்டுகின்றன. உடப்பு, முந்தல் ஆகிய ஊர்களைக் கடந்து பாலாவியை அடைந்தால், அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை கற்பிட்டித் தீபகற்பத்தினுட் செல்லும். அதன் ஒருபுறம் பெருங்கடல். மறுபுறம் முந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட புத்தளம் களப்பு.

இந்நிலத்தைப் பாலை என்றல் மிகையாகும். ஆண்டொன்றிற்கு ஆயிரம் மில்லிமீற்றர் அளவில் இங்கு மழை உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களிலே பெய்து தீர்ந்துவிடும். சோளகம் வீசும் மாதங்களிற் காற்றும் வெயிலும் உப்புமே எஞ்சி நிற்கும். இவ்வறட்சியே இக்கரையின் பறவைச் செல்வத்திற்குக் காரணமாயிற்று என்பது வியப்பிற்குரியது.

மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானை முதலிற் கூறலாம். இலங்கையின் பிற பகுதிகளிற் காணப்படும் கரிச்சானுக்கு வயிறோ வாலடியோ வெண்ணிறமாயிருக்கும். புத்தளத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரையுள்ள கரையோரக் கரிச்சானோ உடல் முழுதும் கருமையானது, இனத்தாலும் வேறானது. அவ்வாறே கழுத்தின் பின்புறத்திற் கரும்பட்டையுடைய சாம்பல்நிறக் கள்ளிப்புறாவும், புதரோரம் ஓடித்திரியும் கவுதாரியும் இவ்வுலர்ந்த கரைப்பகுதியையே பெரிதும் தம் உறைவிடமாகக் கொண்டவை. கண்டிக்கும் காலிக்கும் இவை அயலார்.

இவை யாவும் தமிழ்நாட்டின் இராமநாதபுரத்துக் கரையில் எவரும் திரும்பிப்பாராத எளிய பறவைகள். அங்கே வேலிக்கு வேலி நிற்கும் புள்ளினத்தைக் காண இங்கே பறவை நூலார் நெடுந்தொலைவு பயணம் செய்கின்றனர். அருமை என்பது பறவையின் இயல்பன்று. காண்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இதற்குரிய காரணம் பழைமையானது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் பெரும் பனிக்காலத்திலே, கடல்மட்டம் இன்றையதினும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்குநீரிணை அன்று உலர்ந்த நிலம். இரு கரைகளும் ஒரே வெளியாய்க் கிடந்தன. எனினும் நிலத்தொடர்பு ஒன்றே விடையாகிவிடாது. இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே இன்றுள்ள கடல் முப்பது கிலோமீற்றர் அளவினதே. கரிச்சானுக்கு அது பெருந்தடையன்று. அதனைத் தெற்கே செல்லவொட்டாது நிறுத்துவது கடலினும் மழையே எனல் பொருந்தும். ஆனால் தென்கிழக்கே அம்பாந்தோட்டையிலும் இத்தகைய வறண்ட கரை உண்டு. அங்கே கவுதாரி இல்லை. வறட்சியும் வேண்டும், இந்தியாவின் அண்மையும் வேண்டும். இரண்டும் கூடிய இடம் இவ்வடமேற்குக் கரை.

நிலைத்து வாழ்வன இவை. வந்து மீள்வனவற்றுள் தலையாயது பூநாரை. இப்பகுதியில் அதன் பெருங்கூட்டங்களைக் காண மன்னாருக்கே செல்லல் வேண்டும். புத்தளத்துக் களப்பிலும் உப்பளங்களிலும் அது சிற்சில காலங்களில் வந்திறங்கும். அதன் அலகு நடுவே வளைந்தது. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக வருமாறு நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, எஞ்சும் நுண்ணுயிர்களை உண்ணும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் இறகைச் செம்மையாக்குகின்றது. இந்தியத் துணைக்கண்டத்தில் அதன் பெருங் கூடுகட்டுமிடம் கச்சின் பெரிய ரண் எனப்படும் உப்புப்பாலையாகும். அங்குள்ள சேற்றுக்கூடுகளின் பரப்பை 1945இல் சலீம் அலி நேரிற் கண்டு எழுதினார்.

பூநாரைக்கு வேண்டியது நீர் மட்டுமன்று. உவர்நீர், அதுவும் ஆழங்குறைந்த உவர்நீர். தென்கரையின் புந்தல வாவிகள் இதற்குச் சான்று. 1990இல் இலங்கையின் முதல் இராம்சார் ஈரநிலமாக அவை அறிவிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பூநாரைகளுக்குப் புகழ்பெற்றிருந்தன. நீர்ப்பாசன வயல்களின் வடிநீர் புகுந்து உவர்ப்புக் குறையவே, அவற்றின் வருகை அங்கு அருகிப்போயிற்று. எவரும் துப்பாக்கி எடுக்கவில்லை. நன்னீரே அவற்றை விரட்டிற்று.

புத்தளத்தில் நேர்ந்தது வேறுவகை. 1980ஆம் ஆண்டுகளிலிருந்து முந்தல், புத்தளம் களப்புகளின் ஓரத்திற் கண்டற்காடுகளும் உவர்ச்சேற்று வெளிகளும் இறால் பண்ணைகளாயின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கரையேறிய உள்ளானுக்கும் நண்டுண்ணிக்கும் கணுக்கால் அளவு நீரும் ஈரச்சேறும் போதும். செங்குத்தான வரம்பும் இடுப்பளவு ஆழமுமுடைய பண்ணைக்குளம் அவற்றிற்குப் பயன்படாது. மனிதன் அமைத்தவையெல்லாம் தீங்கென்றும் கூறவியலாது. உப்பளத்தின் ஆழமற்ற பாத்திகள் பறவைகளுக்கு நல்ல மேய்ச்சல் நிலங்களாகவே உள்ளன.

நன்னீர்ப் பறவைகளுக்குச் சிலாபத்திற்கு வடக்கே ஆனைவிழுந்தான் குளங்கள் உள்ளன; 2001இல் அவையும் இராம்சார் பட்டியலிற் சேர்ந்தன. கலா ஓயாவிற்கு அப்பால் வில்பத்துக் காடு 1938 முதல் தேசிய வனமாக உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே சாலையோரத்து முட்புதரை நாடுவாரோ மிகச் சிலர். வெற்றுநிலம் என்று வெட்டி வெளியாக்கப்படுவதும் அதுவே. கவுதாரி முட்டையிடுவதும் அதன் அடியிலே, வெறுந்தரையிற் பறித்த சிறு குழியிலேதான்.

அதனைக் காண விரும்புவோர் வெயில் ஏறுமுன் கற்பிட்டிச் சாலையிற் செல்லல் வேண்டும். உரத்த கூவல் முதலிற் கேட்கும். ஒன்று கூவ, மற்றொன்று தொலைவிலிருந்து மறுமொழி கூறும். வண்டியை நிறுத்தினால் அது பறப்பதில்லை. தலையைத் தாழ்த்திச் சாலையைக் குறுக்காகக் கடந்து, அடுத்த புதருக்குள் ஓடி மறைந்துவிடும்.