பிள்ளை வெளிநாடு போகுமுன் பாலிசியைப் படியுங்கள்

நாமக்கல் பரமத்தி சாலையில் ஒரு டீக்கடை. பழக்கமான லாரி உரிமையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் மேல்படிப்புக்கு நாலு நாடுகளில் விண்ணப்பித்திருக்கிறாள்.

"பீஸ், ரூம் வாடகை எல்லாம் கணக்குப் போட்டுட்டேனுங்க தம்பி. அங்க போய் மேலுக்கு முடியலைன்னா? விலை கம்மியா ஒரு இன்சூரன்ஸ் போட்டு அனுப்பிட்டாப் போதுமுங்களா?"

"அண்ணா, லாரிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா ரோட்டுல ஓட்டலாமுங்க. வண்டி கவுந்தா நம்ம வண்டிக்கு ஒரு ரூபா வருமா? அதே மாதிரி, சேர்க்கைக்குக் காட்டுற இன்சூரன்ஸ் வேற, ஆஸ்பத்திரியில கை கொடுக்கிற இன்சூரன்ஸ் வேற" என்றேன்.

இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனுக்குப் போனால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணத்தையும் கட்டிவிட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. அதன்பின் அரசின் என்.எச்.எஸ். மருத்துவத்தைப் பயன்படுத்தலாம். பல் வைத்தியத்துக்கும் கண்ணாடிக்கும் தனியாகக் காசு. போய் இறங்கிய வாரமே வீட்டுப் பக்கத்து ஜி.பி. என்ற பொது மருத்துவரிடம் பதிந்துகொள்வது முக்கியம்.

ஜெர்மனியில் காப்பீட்டுச் சான்று இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரே பதிய முடியாது. பொதுக் காப்பீட்டின் மாணவர் சந்தா 30 வயது வரைதான். ஆஸ்திரேலியாவில் ஓ.எஸ்.எச்.சி. என்ற காப்பீடு விசாவின் நிபந்தனை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதில் 12 மாதம் காத்திருக்க நேரலாம்.

அமெரிக்காவில்தான் கவனம் அதிகம் வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று அந்நாட்டு மத்திய அரசின் கட்டாயம் இல்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகமே கேட்கும். அங்கே மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிடக்டிபிள் என்பது கம்பெனி பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. லாரி கிளெய்மில் முதலில் ஒரு தொகையைக் கழிப்பார்களே, அதுபோல. கோ-பே, ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் நம் பங்கு. நெட்வொர்க், கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகள். அதற்கு வெளியே போனால் செலவு நம் தலையில் கூடும். சளி, காய்ச்சலுக்கு முதலில் கல்லூரி வளாக மருத்துவ மையம். அவசரப் பிரிவு உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு.

"பாப்பாவுக்குச் சின்ன வயசிலிருந்து வீசிங் இருக்குதுங்க. சொன்னாப் பிரீமியம் ஏறுமேன்னு..." என்று இழுத்தார்.

"மறைக்கவே வேண்டாமுங்க அண்ணா. பின்னால தெரிஞ்சா கிளெய்மையே தள்ளிடுவாங்க. அதுக்குக் கவரேஜ் இருக்கிற பாலிசியாப் பாருங்க. இங்கத்த டாக்டர்கிட்ட மருந்தோட பொதுப்பெயர் போட்ட சீட்டு இங்கிலீஷ்ல வாங்கிக் கொடுத்து விடுங்க."

பெற்றோரே, பிள்ளை விமானம் ஏறுமுன் ஒரு சாயங்காலம் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து உட்காருங்கள். எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று பாலிசியில் போட்டிருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். முடியாமல் படுத்திருக்கும் பிள்ளை, தெரியாத ஊரில் தனியாக அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலைமை வரக்கூடாது.